ஆறு அங்குலப் பனியும் ஒரு குடும்பமும்

பனி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது திரைப்படப் பாடல் காட்சிதான். கதாநாயகன் கம்பளிச் சட்டையும் கையுறையும் அணிந்திருப்பார். கதாநாயகியோ மெல்லிய சேலையில் நடுங்காமல் ஆடிக்கொண்டிருப்பார். மலேசியத் தமிழர்களாகிய நமக்குக் குளிர் என்பது கேமரன் மலையில் ஒரு சுவெட்டர் போட்டுக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே, 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பனி கொட்டியது என்ற செய்தியை நம்மில் பலர் ஓர் அழகிய படமாகவே பார்த்துவிட்டுக் கடந்திருப்போம்.

என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. என் அத்தையின் குடும்பம் அம்மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினில் வசிக்கிறது. பினாங்கில் மின்னணுச் சில்லுத் தொழிலில் இருந்த மாமா, அதே தொழிலில் வேலை கிடைத்து அங்குச் சென்றவர். அத்தையின் இரண்டாவது பேறுகாலத்திற்குத் துணையாகச் சென்ற எங்கள் பாட்டி, கோவிட் பெருந்தொற்றால் திரும்பி வர இயலாமல் அங்கேயே தங்கிவிட்டார். ஆக அந்த வீட்டில் ஐவர்: அத்தை, மாமா, நீரிழிவு நோயுள்ள 74 வயதுப் பாட்டி, பத்து வயது மகன், ஒன்றேகால் வயதுக் குழந்தை. இங்கே நாங்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் இருந்தோம். தள்ளிப்போன எஸ்.பி.எம். தேர்வு எனக்கு அடுத்த வாரம் தொடங்கவிருந்தது. மேசையில் இயற்பியல் புத்தகமும் பக்கத்தில் கைப்பேசியுமாக அந்த வாரம் கழிந்தது.

இன்று மின்பொறியியல் பயிலும் மாணவர் என்ற முறையில், அப்போது புரியாத ஒரு கேள்விக்கு இக்கட்டுரையில் விடை சொல்ல முயல்கிறேன். ஆஸ்டினில் பெய்த பனியின் உயரம் ஏறக்குறைய ஆறரை அங்குலம், அதாவது 16 செ.மீ. கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 200 செ.மீ.க்கும் மேல் பனி பெய்கிறது. அங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், கடைகள் திறந்திருக்கின்றன. அப்படியிருக்க, இந்த ஒரு சாண் பனியில் டெக்சஸில் 246 பேர் இறந்தது எப்படி?

குளிர் எங்கிருந்து வந்தது?

ஆஸ்டின் குளிர்நாட்டு நகரமன்று. கோடையில் அங்கு வெயில் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். ஜனவரியில்கூட நண்பகல் வெப்பம் சராசரியாக 16 பாகையை ஒட்டியே இருக்கும். பல ஆண்டுகளில் அங்குப் பனி பெய்வதே இல்லை.

வட துருவத்திற்கு மேலே, வளிமண்டலத்தின் உயர் அடுக்கில், கடுங்குளிர்க் காற்று ஒரு பம்பரம்போல் சுழன்றுகொண்டிருக்கும். இதனைத் துருவச் சுழல் என்பர். பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை குளிர் அதனுள்ளேயே அடைபட்டிருக்கும். 2021 ஜனவரித் தொடக்கத்தில் அவ்வடுக்கு திடீரெனச் சூடேறியதால் சுழல் தள்ளாடியது. பம்பரம் தள்ளாடினால் அதன் விளிம்பு அகன்று ஆடுமல்லவா? அதுபோலத் துருவக் குளிர்க் காற்று தெற்கு நோக்கி வழிந்தது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அது டெக்சஸை அடைந்தது.

முதலில் வந்தது உறைமழை. தரையைத் தொட்டதும் பனிக்கட்டியாக மாறும் இம்மழை, சாலையைக் கண்ணாடியாக்கிவிடும். மேம்பாலங்கள்தாம் முதலில் உறையும். அவற்றின் கீழேயும் குளிர்க் காற்று புகுந்து செல்வதே காரணம். பிப்ரவரி 11ஆம் நாள் ஃபோர்ட் வொர்த் நகர நெடுஞ்சாலையில் 130க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றோடொன்று மோதி அறுவர் மாண்டனர். மறுநாள் மாநிலத்தின் 254 மாவட்டங்களுக்கும் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 14 இரவில் ஆஸ்டினில் பனி கொட்டத் தொடங்கியது. 1949க்குப் பிறகு அந்நகரம் காணாத பனி அது. வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே இறங்கியது.

அன்று மாலை அத்தை அனுப்பிய படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி மட்டும் வெளியே வரவில்லை. வீட்டிலிருந்த குண்டான், வாளி, சோற்றுப்பானை, குழந்தையின் குளியல் தொட்டி என எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாராம். கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பொதுக் குழாயில் நேரம் பார்த்துத் தண்ணீர் பிடித்து வாழ்ந்தவர் அவர். “மானம் இப்படி இருக்கு. எதுக்கும் புடிச்சு வைப்போம் மாப்பிள்ளே” என்றாராம்.

மின்சாரம் போன கதை

திங்கள் பிப்ரவரி 15 அதிகாலையில் மின்சாரம் நின்றது. கம்பி அறுந்திருக்கும், விடிந்ததும் வந்துவிடும் என்று மாமா நினைத்தார். ஆனால் அது வேண்டுமென்றே நிறுத்தப்பட்ட மின்சாரம்.

மின்சாரத்தைப் பேரளவில் சேமித்து வைப்பது கடினம். ஒவ்வொரு நொடியும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டும் நாடித் துடிப்புதான் அலைவெண். நம் நாட்டில் அது நொடிக்கு 50 சுற்று, அமெரிக்காவில் 60. உற்பத்தி குறைந்து தேவை கூடினால் அலைவெண் சரியும். 59.4க்குக் கீழே ஒன்பது நிமிடம் இருந்துவிட்டால், மின் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். அன்று அதிகாலை டெக்சஸின் அலைவெண் அந்த எல்லைக்குக் கீழே 4 நிமிடம் 23 நொடி இருந்தது. இன்னும் 4 நிமிடம் 37 நொடி நீடித்திருந்தால் முழுக் கட்டமைப்பும் சரிந்திருக்கும். மீண்டும் எழுப்பப் பல வாரங்கள் ஆகியிருக்கலாம். அதனைத் தடுக்கவே, மின்கட்டமைப்பை இயக்கும் எர்காட் நிறுவனம் மின்பகிர்வைக் குறைக்கும்படி ஆணையிட்டது. உச்சக்கட்டத்தில் வெட்டப்பட்டது 20,000 மெகாவாட். 45 இலட்சம் வீடுகளும் வணிக இடங்களும் இருளில் மூழ்கின.

தேவை கூடியது ஏன்? டெக்சஸில் பத்தில் ஆறு வீடுகள் மின்சாரத்தால் சூடாக்கப்படுபவை. அவற்றுள் பலவற்றில் இருப்பது நம் வீட்டுக் குளிர்சாதனத்தைத் திருப்பிப் போட்டது போன்ற ஒரு கருவி. வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும். வெளியே கடுங்குளிராகிவிட்டால் உறிஞ்ச வெப்பம் போதாது. உடனே உள்ளிருக்கும் மின்கம்பிச் சூடேற்றி இயங்கத் தொடங்கும். அது மின்சாரத்தை விழுங்கும். இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே இரவில் அது நடந்தது.

உற்பத்தி குறைந்தது ஏன்? எரிவாயுக் கிணறுகளில் வாயுவோடு வரும் ஈரம் உறைந்து குழாய்களை அடைத்தது. காற்றாலைகளின் இறக்கைகளில் பனிக்கட்டி படிந்தது. ஓர் அணுமின் உலைகூட, அளவுக் கருவிக் குழாய் உறைந்ததால் நின்றது. பெரும் இழப்பு எரிவாயுவில்தான். இங்கே ஒரு விபரீத வட்டத்தைக் கவனியுங்கள். எரிவாயுவை அழுத்தி அனுப்பும் நிலையங்கள் சில மின்சாரத்தில் இயங்குபவை. அவை இன்றியமையாதவை என்று பட்டியலில் பதியப்படாததால் அவற்றின் மின்சாரமும் வெட்டப்பட்டது. மின்சாரம் இல்லாததால் எரிவாயு இல்லை, எரிவாயு இல்லாததால் மின்சாரம் இல்லை. உச்ச நேரத்தில் உற்பத்தித் திறனில் ஏறக்குறைய பாதி செயலிழந்திருந்தது.

பக்கத்து மாநிலங்களிலிருந்து வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். டெக்சஸின் பெரும்பகுதி, நடுவண் அரசின் மின்சாரக் கட்டுப்பாட்டிலிருந்து விலகி நிற்க விரும்பித் தனிக் கட்டமைப்பாக அமைந்தது. அண்டை மாநிலங்களோடு அதற்கிருந்த இணைப்புகள் மிகச் சிறியவை.

சுழற்சி முறையில் வெட்டினால் ஒவ்வொரு பகுதிக்கும் சில மணி நேரமாவது மின்சாரம் கிடைத்திருக்குமே? முறைப்படி அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் வெட்ட வேண்டிய அளவு மிகப் பெரிது. மருத்துவமனை போன்றவை இணைந்திருக்கும் மின்வழிகளைத் தொட முடியாது. அவற்றை நீக்கினால் மீதமுள்ள மின்வழிகள் எல்லாவற்றையும் வெட்டினால்தான் கணக்கு சரியாகும். சுழற்ற எதுவும் மிஞ்சவில்லை. அதனால்தான் ஆளில்லாத அலுவலகக் கட்டடங்கள் ஒளிர, குழந்தை இருந்த வீடு இருண்டு கிடந்தது. அத்தை வீட்டில் திங்கள் அதிகாலை போன மின்சாரம் வியாழன் அதிகாலையில்தான் திரும்பியது.

ஐவரும் ஓர் அறையில்

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குள் வெப்பநிலை 5 பாகைக்கு இறங்கியது. நம் வீட்டுக் குளிர்பெட்டிக்குள் இருக்கும் அளவு அது.

மாமா எல்லாரையும் மிகச் சிறிய படுக்கையறைக்கு மாற்றினார். ஓய்வாக இருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. மூன்று பெரியவர்களும் இரு பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு சிறு சூடேற்றிக்குச் சமம். அந்த வெப்பம் பெரிய கூடத்தில் கரைந்துபோகும், சிறிய அறையில் தங்கும். சன்னலுக்குப் போர்வை கட்டினார்கள். பாட்டியின் பருத்திச் சேலைகளைச் சுருட்டிக் கதவிடுக்கில் திணித்தார்கள். ஒரு தடித்த சட்டையைவிட மூன்று மெல்லிய சட்டைகள் மேல். துணிகளுக்கிடையே சிறைப்படும் காற்றுதான் உண்மையான போர்வை.

பாலைப் புட்டியோடு வெளியே பனியில் புதைத்து வைத்தார் அத்தை. பாட்டியின் இன்சுலினை மட்டும் வெளியே வைக்கவில்லை. ஒருமுறை உறைந்துவிட்டால் இன்சுலின் பயன்படாது. அதனைத் துணியில் சுற்றி அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

அன்றிரவுதான் எங்களைப் பதற வைத்த சம்பவம். குழந்தையின் கைகள் சில்லிட்டிருப்பதைப் பார்த்த பாட்டி, பின்கட்டில் இருந்த இறைச்சி வாட்டும் கரியடுப்பை மூட்டி அறைக்குள் வைக்கலாம் என்று எழுந்தார். “லயத்து வீட்டுல வெறகடுப்புப் பக்கத்துல படுத்துத்தான் உன்னை வளர்த்தேன். என்ன ஆயிட்டே நீ?” என்று கேட்டாராம். அத்தை வாசலை மறித்து நின்றுவிட்டார்.

பாட்டி சொன்னதில் பொய்யில்லை. ஆனால் தோட்டத்து லயத்தில் பலகைச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும். ஆஸ்டின் வீடு குளிர்சாதனக் காற்று வெளியேறாதபடி அடைத்துக் கட்டப்பட்டது. அதிலும் இடுக்குகளை அவர்களே சேலையால் அடைத்திருந்தார்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளியாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணைந்துகொள்ளும். தலை வலிக்கும், தூக்கம் வரும், பிறகு எழ முடியாது. அந்த வாரம் டெக்சஸில் 19 பேர் இப்படி மாண்டார்கள். கரியடுப்பு, வீட்டுக்குள் ஓட்டிய மின்னாக்கி, மூடிய கொட்டகையில் ஓடவிட்ட கார் ஆகியவையே இத்தகைய நச்சுக்கு வழக்கமான காரணங்கள். மாமா கைப்பேசிக்கு மின்னேற்றியதும் காரில்தான். ஆனால் காரை முற்றத்திற்குத் தள்ளி வெட்டவெளியில் வைத்த பிறகே இயக்கினார். ஒரு நாளைக்கு இருமுறை எங்களுக்குக் குரல் கேட்டது அதனால்தான்.

குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமே? அத்தை வீட்டு அடுப்பும் மின்னடுப்பு. மூன்று வீடு தள்ளி, மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய ஒரு மூதாட்டி இருந்தார். அவர் வீட்டில் எரிவாயு அடுப்பு. தீக்குச்சியால் பற்ற வைக்கலாம். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் அவர் சமைத்தார். அத்தை அரிசியும் பருப்பும் கொடுத்தார். இன்னொரு வீட்டிலிருந்து முட்டையும் சோளமும் வந்தன. மகன் காலையும் மாலையும் வெந்நீர்க் குடுவையை மார்போடு அணைத்துப் பனியில் நடந்து வருவானாம். அதுவரை தலையசைப்போடு நின்றிருந்த அண்டை வீட்டார் அவர்கள்.

குழாயும் தண்ணீரும்

பள்ளியில் நாம் படித்த ஒரு பாடம் இங்கே உயிர்பெறுகிறது. பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். ஆனால் நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது. குழாயில் ஓரிடத்தில் பனிக்கட்டி உருவானால், அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே சிக்கிய நீர் பெரும் அழுத்தத்திற்குள்ளாகும். அந்த அழுத்தமே குழாயைப் பிளக்கிறது. குழாயைச் சொட்டவிட்டால் வெடிக்காது என்று சொல்வது இதனால்தான். அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது.

குளிர்நாடுகளில் தண்ணீர்க் குழாய்கள் ஆழமான மண்ணிலும் வீட்டின் உட்சுவரிலும் செல்லும். டெக்சஸில் பல வீடுகளில் அவை கூரைக்கடியிலும் வெளிச்சுவரிலும் செல்கின்றன. வெயில் நாட்டில் அது தவறே இல்லை. பனி வந்த வாரத்தில் மட்டும் அது பேராபத்து. வீடு குளிரத் தொடங்கியதும் மாமா முதன்மைக் குழாயை அடைத்து, எல்லாக் குழாய்களையும் திறந்து நீரை வடித்துவிட்டார். இனிக் குடிக்கப் பாட்டி பிடித்து வைத்த தண்ணீர்தான். கழிவறைக்குப் பனியை வாளியில் அள்ளி வந்தார்கள். மெத்தென்ற பனியில் பெரும்பகுதி காற்று. ஒரு வாளி பனி, ஒரு பகல் முழுதும் உருகி, ஒரு செம்புத் தண்ணீர்தான் தந்ததாம்.

புதன் மாலை நகரத்தின் பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் மின்சாரமிழந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று நகரமே அறிவுறுத்தப்பட்டது. மின்னடுப்பு வைத்திருந்தவர்கள் மின்சாரமில்லாமல் எதில் கொதிக்க வைப்பது? அந்த அறிவிப்பு 23ஆம் நாள்தான் நீக்கப்பட்டது. வெயில் வந்து பனி உருகியபோது இரண்டாவது துன்பம் தொடங்கியது. விரிசல் விட்ட குழாய்களில் நீர் திரும்ப, எதிர்வீட்டின் கூடத்துக் கூரை இடிந்து விழுந்தது. மாமா வேலை செய்யும் தொழில் தடுமாற, சாம்சங், என்எக்ஸ்பி ஆகியவற்றின் ஆஸ்டின் ஆலைகள் மின்வெட்டால் நின்று, இயல்புநிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் பிடித்தன. உலகச் சில்லுத் தட்டுப்பாட்டை அது மேலும் கடுமையாக்கியது.

பனி செய்ததும் மனிதர் செய்யாததும்

இறந்த 246 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கடுங்குளிரால் இறந்தவர்கள். பெய்த பனியின் உயரம் இதற்கு விளக்கமாகாது. குளிருக்கு அமையாத வீடு, குளிருக்கு அமையாத மின் நிலையம், ஒன்று வீழ்ந்தால் மற்றதும் வீழும் அமைப்பு ஆகியவையே காரணம்.

இது யாரும் எதிர்பாராததா? இல்லை. 1989 டிசம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் அங்கே குளிரால் மின் நிலையங்கள் உறைந்து, மின்வெட்டு ஏற்பட்டது. 2011க்குப் பின் நடுவண் ஆய்வு அறிக்கை ஒன்று, கருவிகளைக் குளிருக்கேற்பப் பாதுகாக்க வேண்டும் என்று விரிவாகப் பரிந்துரைத்தது. பரிந்துரை கட்டாயமாக்கப்படவில்லை. பத்தாண்டுகளில் ஓரிரு நாளே வரும் குளிருக்குச் செலவு செய்யப் பலர் முன்வரவில்லை. அதே மாநிலத்தின் மேற்கு மூலையில் உள்ள எல் பாசோ நகரம் வேறு கட்டமைப்பைச் சேர்ந்தது. 2011 பாடத்திற்குப் பின் தன் நிலையங்களைப் பாதுகாத்தது. 2021இல் அங்கு மின்தடை மிகக் குறைவு. குளிர் அங்கேயும்தான் இருந்தது. 2021 ஜூனில்தான் டெக்சஸ் அரசு மின் நிலையங்களுக்கு அப்பாதுகாப்பைச் சட்டமாக்கியது.

நமக்குப் பனி வராது. ஆனால் அதே 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியதே! ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறிக் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்கேயும் முதலில் சோறு கொண்டுவந்தவர்கள் அக்கம்பக்கத்தார்தாம். வழக்கமில்லாத ஒன்று வரும்போது, ஒரு நகரம் வழக்கத்திற்காக மட்டும் கட்டப்பட்டிருந்தால் என்னவாகும் என்பதை ஆஸ்டினும் ஷா ஆலமும் ஒரே ஆண்டில் காட்டின.

பாட்டி 2022இல் நாடு திரும்பினார். அவருடைய வாளிகளைப் புகழ்வது எளிது. ஆனால் இருளில் மூழ்கிய வீடுகளில் எத்தனை வீட்டில் அப்படியொரு பாட்டி இருந்திருப்பார்? ஒரு குடும்பத்தின் உயிர், யாரோ ஒருவருடைய பழைய பழக்கத்தை நம்பி இருக்கக் கூடாது.

எனவே தோழர்களே, இரண்டு வேண்டுகோள். இன்று வீட்டிற்குப் போனதும் உங்கள் முதன்மைத் தண்ணீர்க் குழாயின் அடைப்பான் எங்கிருக்கிறது என்று பாருங்கள். வாடகை வீட்டில் இருப்போரும் பாருங்கள். மின்னாக்கியையோ கரியடுப்பையோ ஒருபோதும் வீட்டுக்குள் வைக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் காரணத்தோடு சொல்லுங்கள். இரண்டாவது, நம்மில் பொறியியலும் நிர்வாகமும் சட்டமும் பயில்வோருக்கு. நாளை நம் மேசைக்கு ஓர் அறிக்கை வரும். அரிதாக வரும் ஓர் இடருக்காக இன்றே செலவு செய்யச் சொல்லும். அதை மூடி வைப்பதற்குமுன், 5 பாகைக் குளிரில் ஓர் அறைக்குள் படுத்திருந்த அந்த ஐவரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.